டையும் கரையும்: வீட்டு நிறங்களுக்கான 60-30-10 விதி பற்றி

வீட்டு அலங்காரம் பற்றித் தமிழில் வரும் வீடியோக்களைக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கிட்டே பார்த்து வந்தேன். பேசுகிறவர் யாராக இருந்தாலும், வீடு எந்த ஊரில் இருந்தாலும், ஒரு கட்டத்தில் 60-30-10 வந்துவிடுகிறது. அறையில் 60 சதவீதம் ஓர் அடிப்படை நிறம். சுவரும் பெரிய சாமான்களும் அதில் அடக்கம். 30 சதவீதம் துணை நிறம். திரைச்சீலை, விரிப்பு, நாற்காலி இந்த மாதிரி. மிச்சம் 10 சதவீதம் அக்சென்ட் கலர். குஷன் உறை, பூஜாடி, படச்சட்டம். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் சோஃபாவுக்குப் பின்னால் ஒரே ஒரு சுவர்.

அக்சென்ட் என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கு. "அந்த கலர் எடுப்பா இருக்கு"ன்னு சொல்றோமே, அந்த எடுப்புதான். இந்தக் கட்டுரையில் எடுப்பு நிறம் என்றே எழுதுகிறேன்.

விதியை விளக்க வழக்கமாகச் சொல்லும் உதாரணம் ஆண்கள் போடும் கோட்டு சூட்டு. சூட் 60, சட்டை 30, டை 10. கேட்டதும் மனசில் பதிகிற உதாரணம். ஆனால் இதைச் சொல்லிக்கொண்டிருந்தவரும் சரி, எதிரில் உட்கார்ந்து கேட்ட வீட்டுக்காரம்மாவும் சரி, அன்றாடம் கோட்டு சூட்டோடு புழங்குகிறவர்கள் இல்லை. அந்தம்மா கட்டியிருந்தது புடவை. அதில் ஒரு எடுப்பு நிறம் இருந்தது. அது டை மாதிரி நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது.

இந்த விதியோடு எனக்குள்ள பிணக்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அது எவ்வளவு என்று சொல்கிறது. எங்கே என்று சொல்வதில்லை.

முதலில் விதியின் நியாயம்

விதியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெயின்ட் கடையில் ஷேட் கார்டை விரித்தால் நூற்றுக்கணக்கான நிறங்கள். முதல் தடவை சொந்த வீட்டுக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறவருக்குத் தலை சுற்றும். எல்லாமே எடுப்பாக இருந்தால் எதுவுமே எடுப்பாக இருக்காது என்ற உண்மையை இந்த மூன்று எண்கள் எளிமையாகச் சொல்லிவிடுகின்றன. அந்த அளவில் பயனுள்ளது.

ஆனால் விதியும் அதோடு சேர்த்தே விற்கப்படும் அக்சென்ட் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்து 440 சதுர அடி. 12 அடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் நிறம் அடித்தால் 120 சதுர அடி. சுவர்ப் பரப்பில் அது 27 சதவீதம். தரையையும் கூரையையும் சேர்த்துக்கொண்டாலும் ஏறக்குறைய 18 சதவீதம். 10க்கு இரண்டு மடங்கை நெருங்கிவிடுகிறது. அதற்கு மேல் அதே நிறத்தில் குஷனும் பூஜாடியும். விதியைச் சொன்ன வாயே அடுத்த நிமிஷம் அதை மீறும் யோசனையையும் சொல்கிறது என்றால், அங்கே வேலை செய்வது அந்த எண்கள் இல்லை என்று அர்த்தம்.

வேறு என்ன வேலை செய்கிறது? கேமரா. அறையின் வாசலில் நின்று எடுக்கும் ஒரு படத்தில் நடுவில் விழும் சுவர் எதுவோ, அதுதான் அக்சென்ட் சுவர் ஆகிறது. பெரும்பாலும் சோஃபாவுக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், டிவிக்குப் பின்னால். சோஃபாவில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுவர் முதுகுப்பக்கம். கட்டிலில் படுத்தவருக்குத் தலைக்குப் பின்னால். அங்கே வாழ்கிறவர் பார்க்காத இடத்தில் செலவு செய்து நிறம் அடிக்கிறோம்.

டிவிச் சுவரையாவது பார்க்கிறோமே என்று கேட்கலாம். அதுதான் மூன்றிலும் மோசம். சினிமாவுக்கு நிறத்திருத்தம் செய்யும் அறைகளில் திரையைச் சுற்றியுள்ள சுவர் சாம்பல் நிறத்தில் இருக்கும். சுற்றிலும் அழுத்தமான நிறம் இருந்தால் கண் அதற்குப் பழகிப்போய்த் திரையில் இருக்கும் நிறத்தைத் தப்பாக வாசிக்கும், அதனால்தான். நாம் அதே இடத்தில் கருஞ்சிவப்பு டெக்ஸ்சர் அடித்து, நாலு பக்கமும் கலர் மாறும் லைட்டும் போடுகிறோம்.

புடவை தெரிந்து வைத்திருப்பது

காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்று ஒரு நெசவு முறை உண்டு. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதற்கு நேர் எதிரான இன்னொரு நிறம். உடலின் ஊடை நூல் கரைக்குள் ஓடினால் இரண்டு நிறமும் கலந்து கரை மங்கிவிடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி நாடா வைத்து, சேருமிடத்தில் ஒவ்வொரு ஊடையையும் ஒன்றோடொன்று பின்னிக் கோர்க்கிறார்கள். இரண்டு பக்கமும் கரை என்றால் மூன்று நாடா. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். ஒரே ஆள் நெய்யக்கூடிய துணிக்கு இரண்டு ஆள் உழைப்பு. எதற்காக? இரண்டு நிறம் சந்திக்கும் கோடு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்தக் கோடு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாரிஸிலிருந்து ஒரு விளக்கம் கிடைக்கிறது. 1824இல் அங்கே கோபலின் அரச நெசவாலையின் சாயப் பிரிவுக்கு மிஷேல் யூஜென் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே நெய்தால் வெளிறித் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. மற்ற இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருந்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. இதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி 1839இல் நிறங்களின் ஒருங்கு முரண் பற்றிய பெரிய நூலாக வந்தது. எளிமையாகச் சொன்னால்: ஒரு நிறத்தின் தோற்றத்தைப் பாதி முடிவு செய்வது அதன் அண்டை நிறம். அந்த விளைவு மிக வலுவாகத் தெரிவது இரண்டும் தொட்டுக்கொள்ளும் ஓரத்தில்.

ஷெவ்ரலைப் படிக்காமலே நம் வீட்டுப் பெண்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ரவிக்கைத் துணியைப் புடவைக் கரைமேல் வைத்துப் பார்க்காமல் யாராவது வாங்குகிறார்களா? கடைக்குள் இருக்கும் விளக்கை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்களே, அதுவும் அறிவியல்தான். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கில் வேறு வேறாகத் தெரியும்.

இவ்வளவும் கைவந்த ஒருவர், "எங்களுக்கு கலர் பத்தி என்னங்க தெரியும், நீங்களே சொல்லுங்க" என்று டிசைனரிடம் சொல்வதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரையா, கிளிப்பச்சைக் கரையா என்று கடையில் இரண்டு மணி நேரம் வாதாடுகிற அதே அம்மா, சுவர் என்றதும் "ஆஃப் ஒயிட்டே போதும், ஒரு பக்கம் மட்டும் ஏதாவது போடுங்க" என்கிறார். மயில்கழுத்து, வெங்காயச் சருகு, வாடாமல்லி, ராமர் பச்சை, எம்.எஸ். ப்ளூ என்று நிறங்களுக்கு இவ்வளவு துல்லியமான பெயர் வைத்திருக்கும் ஒருவர் ஷேட் கார்டு முன்னால் ஊமையாகிறார். ஒரு வீட்டில் நிறத்தைப் பற்றி அதிகம் தெரிந்த ஆள் அவராகத்தான் இருப்பார். அவரிடம்தான் யாரும் கேட்பதில்லை.

ஓரத்தில் வைக்கும் பழக்கம்

பழைய வீடுகளில் எடுப்பு நிறம் எங்கே இருந்தது என்று ஒரு பட்டியல் போட்டேன். நிலைப்படியில் மஞ்சள், குங்குமம். கோலத்தைச் சுற்றிக் காவி. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரின் அடியில் ஒரு பட்டை. சிவப்பு ஆக்சைடு தரையின் ஓரத்தில் கறுப்போ பச்சையோ ஒரு கோடு. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாக நெடுக்குப் பட்டைகள். எல்லாமே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடங்கள். தெரு முடிந்து வீடு, சுவர் முடிந்து தரை, ஊர் முடிந்து கோயில். கண்ணையும் காலையும் "இங்கே கவனி" என்று நிறுத்துகிற வேலையை நிறம் செய்கிறது. மங்கிய வெளிச்சத்தில் படி எங்கே இருக்கிறது என்று காட்டும் பயனும் இதில் உண்டு. முட்டிவலியோடு இருக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் படி ஓரத்தில் ஒரு கோடு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியிலிருந்து வந்த யோசனை என்பதாலேயே அக்சென்ட் சுவரை நான் குறை சொல்லவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ரீட்வெல்ட் 1924இல் கட்டிய ஷ்ரோடர் வீட்டைப் பாருங்கள். பெரிய பரப்புகள் வெள்ளை, சாம்பல். சிவப்பும் மஞ்சளும் நீலமும் முக்கியமாகக் கம்பம், உத்தரம் மாதிரி மெலிந்த உறுப்புகளில். எது எதைத் தாங்குகிறது, எது எங்கே முடிகிறது என்று நிறம் எடுத்துச் சொல்கிறது. கோர்வைக்குப் பக்கத்து வீடு என்றே சொல்லலாம்.

சுவர் முழுக்க நிறம் அடிப்பதும் தப்பில்லை. மெக்சிகோ நகரில் லூயிஸ் பரகான் வடிவமைத்த கில்லார்டி வீட்டில் மஞ்சள் வெளிச்சம் நிறைந்த ஒரு நடை, அதன் முடிவில் நீச்சல் குளம், அங்கே நீலச் சுவரும் சிவப்புச் சுவரும். ஆனால் அது அறைக்கு ஒரு சுவர் என்ற கணக்கில் வந்ததில்லை. வெயில் எந்த நேரம் எந்தச் சுவரில் விழும் என்று பார்த்து வைத்த நிறம். நடந்து போகிறவரின் எதிரில் வருகிறது, முதுகுக்குப் பின்னால் இல்லை.

ஆத்தங்குடிக் கல்லுக்கு என்ன ஆனது

வடிவங்களின் விஷயத்திலும் இதே கதைதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல் இப்போது சென்னை அடுக்குமாடிகளில் மறுபடி நுழைந்திருக்கு. நல்ல விஷயம். செய்யும் விதமே அழகு. கண்ணாடித் தட்டின்மேல் பூ வடிவ அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமென்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணல் சிமென்டைத் தூவி, பிறகு கலவை போட்டு மட்டம் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. சில நாள் தண்ணீரில் ஊறி இறுகுகிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. புழங்கப் புழங்க இன்னும் மெருகேறும்.

செட்டிநாட்டு வீடுகளில் இது போடப்பட்ட விதத்தைக் கவனித்தால், நடுவுக்கு ஒரு கல், ஓரத்துக்கு வேறு கல், ஓரம் திரும்பும் மூலைக்கு இன்னொரு கல். தரை முழுக்க விரித்த ஜமக்காளம் மாதிரி அது ஒரு கரையில் போய் முடியும். புது வீடுகளில் நான் பார்ப்பது வேறு. நடுக்கல் மட்டும் வாங்கி, சமையல் மேடைக்கு மேலே நாலு வரிசை அல்லது பால்கனியில் ஒரு சதுரம். கரை கிடையாது. வடிவம் பூவின் பாதியில் வெட்டுப்பட்டு சுவிட்ச் பலகையில் முட்டி நிற்கிறது. இன்னும் செலவைக் குறைக்க, அதே பூவை அச்சடித்த செராமிக் டைல் ஒட்டுகிறார்கள்.

அச்சு டைல் மலிவு என்பதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பட்ஜெட் அவரவர் கவலை. ஆனால் மலிவான டைலுக்கும் கரை போடலாம். ஒற்றை நிறத்தில் ஒரு வரிசை சாதாரண டைல் சுற்றி வந்தால் போதும், அந்த வடிவம் மூச்சு விடும். கரை இல்லாத வடிவம் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குச் சலிப்பு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஓட்டம்தான். நாம் தப்பாக வடிவத்தையே பழித்து, "டிசைன் டைல் எல்லாம் ரெண்டு வருஷத்துல போரடிச்சிடும்" என்கிறோம்.

இங்கிலீஷ் கலர்

அழுத்தமில்லாத, சாம்பல் கலந்த வெளிர் நிறத்தைத் துணிக்கடையில் "இங்கிலீஷ் கலர்" என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள். அதற்கு எதிர்ப்பக்கம் "மிட்டாய் கலர்", "ராமராஜன் சட்டை". 1989இல் கரகாட்டக்காரன் ஓடிய காலத்திலிருந்து அந்தப் பளீர்ச் சட்டைகள் கிராமத்து ரசனையைக் கிண்டல் செய்யக் கிடைத்த சுருக்கெழுத்து. ஒரு நிறத்துக்கு ஆங்கிலத்தின் பெயர், இன்னொன்றுக்குக் கிராமத்து நாயகனின் பெயர். யாருடைய ரசனை மேல், யாருடையது கீழ் என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கு. பிரிட்டிஷ் கலைஞர் டேவிட் பேச்லர் 2000இல் எழுதிய குரோமோஃபோபியா என்ற நூலில், மேற்கத்திய மரபு அழுத்தமான நிறத்தை அந்நியமானது, முதிர்ச்சியற்றது, மலிவானது என்று ஒதுக்கி வந்ததாக வாதிடுகிறார். அந்த ஒதுக்கலை நாம் ஷேட் கார்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டோம் என்று தோன்றுகிறது.

ஊர்ப்பக்கம் பஸ்ஸில் போகும்போது புதுசாகக் கட்டிய வீடுகளைப் பாருங்கள். பிஸ்தா பச்சைச் சுவர், ஜன்னலைச் சுற்றி ஆரஞ்சு, கைப்பிடிச் சுவரில் ஊதாக் கோடு, சன்ஷேடு விளிம்பில் மஞ்சள். பார்த்ததும் சிரிப்பவர்கள் உண்டு. நிறத் தேர்வில் எனக்கும் சில இடங்களில் ஒப்புதல் இல்லை. ஆனால் எங்கே அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜன்னல் ஓரம், மாடி விளிம்பு, வாசல் நிலை. ஒவ்வொன்றும் கரை. அங்கே வேலை செய்த பெயின்டரும் வீட்டுக்காரரும் புடவையின் இலக்கணத்தை விடவில்லை. மங்கலான ஒரு ஹாலில் காரணமே இல்லாமல் ஒரு நீலச் சுவர் நிற்பதைவிட அந்த வீட்டில் தர்க்கம் அதிகம்.

இதை வைத்துப் பழசெல்லாம் பொன் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஓரத்தை நிறத்தால் குறித்த வீடுகள் ஆட்களையும் அந்த ஓரத்தில் நிறுத்தி வைத்தன. திண்ணை வரை யார், நிலைப்படி தாண்டி யார், அடுப்படி வரை யார் என்று சாதி முடிவு செய்த காலம் அது. வீட்டுக்குள்ளேயே பெண்கள் எதுவரை வரலாம் என்ற கணக்கும் இருந்தது. செட்டிநாட்டு மாளிகைகளைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. எல்லைக் கோட்டின் அழகை எடுத்துக்கொள்ளும்போது, அது யாரைத் தடுக்கப் பயன்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று நம் நிலைப்படியில் இருக்கும் மஞ்சள் யாரையும் நிற்க வைக்காத மஞ்சளாக இருக்கட்டும்.

வாடகை வீட்டுக்காரருக்கு

இத்தனை பேசிவிட்டு, ஆணி அடிக்கவே அனுமதி இல்லாத வாடகை வீட்டில் இருப்பவருக்கு என்ன சொல்வது? சுவர் நம் கையில் இல்லாதபோதுதான் இந்தக் கரை யோசனை இன்னும் உதவும் என்று நினைக்கிறேன். ஓரங்கள் பெரும்பாலும் துணியிலும் பாயிலும் செய்யக்கூடியவை.

வெள்ளைத் திரைச்சீலைக்குக் கீழ்விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பட்டுப்புடவைக் கரையைத் தைத்துப் பாருங்கள். ஜன்னல் முழுக்கப் பூப்போட்ட திரையைவிட எடுப்பாக இருக்கும். பத்தமடைக் கோரைப்பாய்க்கு ஓரமும் நிறமும் ஏற்கெனவே நெசவாளர் கொடுத்துவிட்டார். பவானி ஜமக்காளத்தின் பட்டைகள் ஒரு சாதாரண மொசைக் தரையைத் தூக்கி நிறுத்தும். அது விரித்த அறையில் குஷன் உறையில் வேறு வடிவம் வேண்டாம், ஜமக்காளத்தில் இருக்கும் நிறங்களில் ஒன்றை எடுத்து வெறும் துணியாக வைத்தால் போதும். புத்தக அலமாரியின் முன்விளிம்பு, கண்ணாடியின் சட்டம், கதவுக்கு முன் போடும் மிதியடி, இவையெல்லாம் உங்கள் கையில் இருக்கும் ஓரங்கள்.

எதையும் முடிவு செய்வதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள், பகல் வெளிச்சத்தில் ஒன்று, இரவில் உங்கள் வீட்டு விளக்கில் ஒன்று. வெள்ளை எல்இடி, மாலையில் நன்றாக இருந்த அரக்கைப் பழுப்பாக்கிக் காட்டலாம். கடை விளக்கை நம்பி யாரும் பட்டு எடுப்பதில்லை.

60-30-10ஐக் கேட்டுவிட்டு வரும் டிசைனரிடம் மூட் போர்டுக்குப் பதிலாக வீட்டில் இருக்கும் நாலு நல்ல புடவையை எடுத்து விரித்துக் காட்டுங்கள். எது உடல், எது கரை, எது முந்தி என்று அந்தப் புடவைகளைத் தேர்ந்தெடுத்தவரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து, இந்த வீட்டுக்குக் கரை எங்கே என்று இருவரும் சேர்ந்து தேடட்டும். பெயின்ட் டப்பாவை அதற்கப்புறம் திறக்கலாம்.